வருத்தம் யாருடையது? ஆங்கிலத் துயர வினையடைகளில் பிழை நீக்கும் வழிமுறை

இரங்கல் குறிப்பு, மறுப்புக் கடிதம், மாநகராட்சிக்குப் புகார், நன்கொடை கேட்கும் விண்ணப்பம். நம்மில் பலர் துக்கத்தையும் குறையையும் ஆங்கிலத்தில் எழுத நேர்வது பெரும்பாலும் இவற்றில்தான். 'லி' என்று முடியும் ஒரு கூட்டம் அங்கே வந்து சேர்கிறது: சேட்லி, சோர்லி, வோஃபுலி, ரெக்ரெட்டபிளி, மிசரபிளி, பிட்டிஃபுலி, டெஸ்பரேட்லி. அகராதியைப் புரட்டினால் 'வருந்தத்தக்க முறையில்', 'பரிதாபமாக', 'மிக மோசமாக' என்று எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் கிடைக்கும். ஆகவே எதை எங்கே போட்டாலும் சரி என்று தோன்றிவிடுகிறது. இலக்கணமும் தடுப்பதில்லை. கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் படிப்பவர் புருவத்தை உயர்த்தும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் தென்படும் கோளாறுக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்து வரும் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். பல கோளாறுகள் அதிலேயே அகப்பட்டுவிடும்.

## எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி

வாக்கியத்தில் உள்ள வருத்தம் யாருடையது? இதற்கு மூன்று விடைகள்தாம் உண்டு.

செயலைச் செய்தவருடையதாக இருக்கலாம். 'ஷி ஸ்மைல்ட் சேட்லி' என்றால் அவள் சோகமாகப் புன்னகைத்தாள். சோகம் அவளுடையது.

எழுதுகிறவருடையதாக இருக்கலாம். 'சேட்லி, தி லைப்ரரி ஹேஸ் க்ளோஸ்ட்' என்றால் நூலகம் மூடப்பட்டுவிட்டதே என்று எழுதுகிறவர் வருந்துகிறார். நூலகத்துக்கு வருத்தம் கிடையாது.

யாருடையதாகவும் இல்லாமலும் இருக்கலாம். 'தி கார்டன் இஸ் சேட்லி நெக்லெக்டட்' என்றால் தோட்டம் அறவே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. இங்கே சேட்லி அழவில்லை, அளக்கிறது. புறக்கணிப்பு எவ்வளவு என்று சொல்லும் அளவுகோல் அது.

ஒரே சொல்லுக்கு மூன்று வேலை. தமிழில் இவற்றுக்கு 'சோகமாக', 'வருத்தம் என்னவென்றால்', 'அறவே' என்று வெவ்வேறு சொற்களைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அதே சொல்லை வைத்துக்கொண்டு இடத்தையும் காற்புள்ளியையும் பக்கத்துச் சொல்லையும் மாற்றிக் காரியத்தை முடித்துக்கொள்கிறது. எல்லாச் சொற்களும் மூன்று வேலையும் பார்ப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். சேட்லி மூன்றையும் பார்க்கும். சோர்லியும் வோஃபுலியும் இன்றைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய அளவுகோல் வேலை மட்டுமே பார்க்கின்றன. அன்ஃபார்ச்சுனேட்லி எழுதுகிறவரின் சொல். ரெக்ரெட்ஃபுலி செய்தவரின் சொல். கோளாறுகளில் பெரும்பகுதி, ஒரு வேலைக்கு உரியதை இன்னொரு வேலைக்கு அனுப்புவதால் வருபவை.

## அறிகுறி: இறந்தவரே சோகமாக இருந்ததுபோல் படுகிறது

'அவர் நேற்றுக் காலமானார் என்பது வருத்தத்துக்குரியது' என்று சொல்ல நினைத்து, 'ஹி டைட் சேட்லி' என்று எழுதியிருப்பீர்கள். அவர் மனம் நொந்து உயிர்விட்டார் என்று படிப்பவருக்குப் புரியும். வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் இந்த வினையடை செய்தவரைத்தான் பிடித்துக்கொள்ளும். இறப்பது அவர் செயல், ஆகவே சோகமும் அவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

சரிசெய்வது எளிது. சொல்லை வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் ஒரு காற்புள்ளி வையுங்கள்: 'சேட்லி, ஹி டைட் யெஸ்டர்டே.' நடுவில் வைத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு பக்கமும் காற்புள்ளி தேவை. 'ஹி சேட்லி பாஸ்ட் அவே' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதுவதும் ஆங்கிலேயர்களிடையே வழக்கத்தில் இருக்கிறது. அந்தத் தொடர் உறைந்துபோனதால் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. அதை மாதிரியாக வைத்து 'ஹி சேட்லி லெஃப்ட் தி கம்பெனி' என்று எழுதினால் மறுபடியும் குழப்பம்தான். போனவர் அழுதுகொண்டு போனாரா, அவர் போனதில் உங்களுக்கு வருத்தமா?

இரங்கல் குறிப்பில் இன்னும் பாதுகாப்பான வழி, இந்த வினையடையை விட்டுவிட்டு வருந்துகிறவரை எழுவாயாக முன்னால் நிறுத்துவது: 'வி ஆர் டீப்லி சேடன்ட்.' நம்முடைய 'ஆழ்ந்த இரங்கல்' இங்கே அழகாகப் பொருந்துகிறது. இரண்டு மொழியும் துக்கத்தை ஆழத்தால்தான் அளக்கின்றன. ஆனால் சுவரொட்டியில் உள்ள 'கண்ணீர் அஞ்சலி'யை அப்படியே எடுத்து 'வி டியர்ஃபுலி அனவுன்ஸ்' என்று போடாதீர்கள். டியர்ஃபுலி என்றால் அந்த நேரத்தில் கண்ணீர் வழிந்தது என்றே பொருள். அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர் விசும்பிக்கொண்டிருந்த காட்சிதான் மனத்தில் எழும். அதேபோல் 'வி டீப்லி கண்டோல் ஹிஸ் டெத்' என்பதும் நம் ஊர் வழக்கு. வெளிநாட்டு வாசகருக்கு இது விநோதமாக ஒலிக்கும், ஏனென்றால் அவர்கள் மரணத்தை அல்ல, குடும்பத்தாரைத்தான் 'கண்டோல் வித்' செய்வார்கள்.

## அறிகுறி: மறுப்புக் கடிதத்தில் யார் வருந்துகிறார்கள் என்று விளங்கவில்லை

ரெக்ரெட்டபிளி, ரெக்ரெட்ஃபுலி இரண்டும் இரட்டைப் பிறவிகள்போல் தோன்றுவதால் வரும் கோளாறு இது. ரெக்ரெட்டபிளி என்றால் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. ரெக்ரெட்ஃபுலி என்றால் ஒருவர் மனம் நிறைய வருத்தத்தோடு செய்தார். 'ரெக்ரெட்ஃபுலி, தி மேட்ச் வாஸ் கேன்சல்ட்' என்றால், கறாராகப் படிப்பவருக்கு அந்த ஆட்டமே மனவருத்தத்தோடு ரத்தானதுபோல் இருக்கும். அங்கே ரெக்ரெட்டபிளிதான் வேண்டும். 'ஷி ரெக்ரெட்ஃபுலி டிக்ளைன்ட் தி ஆஃபர்' என்றால் சரி. வேலையை வேண்டாம் என்று சொன்னது அவள், வருந்தியதும் அவள்.

இந்த வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருவது உண்மை. ஹோப்ஃபுலி என்ற சொல் இதே வழியில்தான் போயிற்று. 'நம்பிக்கையோடு' என்ற பழைய பொருளிலிருந்து 'நடக்கும் என்று நம்புவோம்' என்ற பொருளுக்கு அது நகர்ந்தபோது இலக்கணக் காவலர்கள் பல ஆண்டுகள் கொதித்தார்கள். கடைசியில் 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடே புதிய பொருளை ஏற்றுக்கொண்டது. ரெக்ரெட்ஃபுலிக்கு அப்படி விடுதலைப் பத்திரம் எதுவும் கிடைத்ததாக நான் கருதவில்லை. அலுவலகக் கடிதத்தில் பழைய வேறுபாட்டைக் காப்பாற்றுவதால் யாருக்கும் நட்டமில்லை.

அன்ஃபார்ச்சுனேட்லி பற்றியும் ஒரு வார்த்தை. மறுப்புக் கடிதத்தில் இது ஒருமுறை வரலாம். இரண்டாம் பத்தியிலும் வந்தால் நழுவல், மூன்றாம் முறை வந்தால் எரிச்சல். படிப்பவரின் தவறைச் சுட்டும் வாக்கியத்தின் தலையில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். 'அன்ஃபார்ச்சுனேட்லி, யூ ஃபெய்ல்ட் டு அட்டாச் தி ஃபார்ம்' என்பது ஆறுதல் சொல்லும் குரலில் குற்றம்சாட்டுவது. படிவம் வந்து சேரவில்லை, அனுப்பிவையுங்கள் என்று நேராக எழுதினால் வேலை முடிந்தது.

'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்.' ரயில் நிலையத்தில் காத்திருந்த எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். முதல் கேள்வியை இதனிடம் கேட்டுப் பாருங்கள். வருந்துவது யார்? வாக்கியத்துக்குள் ஒருவரும் இல்லை. ஆழம் இருக்கிறது, ஆள் இல்லை. அதையே தமிழில் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்னும்போது அந்த 'ஓம்' விகுதி யாரையாவது பொறுப்பேற்கச் செய்துவிடுகிறது. உங்கள் கடிதம் உண்மையான மன்னிப்பாக ஒலிக்க வேண்டுமானால் ஆங்கிலத்திலும் 'வி' என்று தொடங்குங்கள். டீப்லி இருந்தாலும் போனாலும் பெரிய வேறுபாடு வராது.

## அறிகுறி: பாராட்ட நினைத்தேன், வசை போல ஆகிவிட்டது

'மிகவும்' என்ற இடத்தில் அழுத்தம் வேண்டி வோஃபுலியைப் போட்டிருப்பீர்கள். 'ஹெர் டான்ஸ் வாஸ் வோஃபுலி குட்' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் நிற்காது. வோஃபுலிக்கு அடுத்து வரும் சொல் ஏற்கெனவே ஒரு குறையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். போதாமை, அறியாமை, தயாரிப்பின்மை, பற்றாக்குறை என்று ஏதாவது ஒன்று. குறையே இல்லாத இடத்தில் அது அந்தரத்தில் தொங்கும்.

இந்த மயக்கத்துக்குக் காரணம் டெரிபிளியும் ஆஃபுலியும். இவையும் பயங்கரத்தில் பிறந்தவைதாம். ஆனால் காலப்போக்கில் பல் உதிர்ந்து, 'டெரிபிளி கைண்ட்', 'ஆஃபுலி நைஸ்' என்று நல்லவற்றோடும் உறவாடத் தொடங்கிவிட்டன. தமிழில் 'படு' என்ற முன்னொட்டு இதே பாதையில் போயிருக்கிறது. படுதோல்வி, படுமோசம், படுகாயம் என்று கெட்டவற்றுக்கே வாழ்க்கைப்பட்டது, படுசுறுசுறுப்பு, படுஜோர் என்றும் வருகிறது. வோஃபுலிக்கு இந்தத் தளர்ச்சி ஏற்படவில்லை. சோர்லி, மிசரபிளி, பிட்டிஃபுலி, அபிஸ்மலி ஆகியவற்றுக்கும் ஏற்படவில்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறு உண்டு, அது சற்று நுட்பமானது. குறையைச் சொல்லும் சொல்லை மிகையின் மேல் வைப்பது. 'தி ரென்ட் இஸ் வோஃபுலி ஹை' என்று எழுதுவார்கள். வாடகை கூடுதலாக இருப்பது வருத்தம்தான், ஆனால் வோஃபுலி கீழ்நோக்கி மட்டுமே அளக்கும். எட்ட வேண்டிய கோட்டை எட்டவில்லை என்பது அதன் வேலை. பிட்டிஃபுலியும் அப்படியே: ஸ்மால், ஃபியூ, லோ, தின். அபிஸ்மலி இன்னும் கறார். அதற்குள் இருப்பது அடியில்லாத பாதாளம், ஆகவே 'அபிஸ்மலி லோ' உண்டு, 'அபிஸ்மலி ஹை' கிடையாது. உயரத்தைக் குறை சொல்ல வேண்டுமானால் அலார்மிங்லி, அப்பாலிங்லி என்று வேறு ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி: சொல் சரி, சேர்க்கை சரியில்லை

பொருள் பிழையில்லை, இடம் பிழையில்லை, ஆனாலும் ஆங்கிலம் அறிந்தவர் 'இப்படிச் சொல்வதில்லை' என்று மட்டும் சொல்வார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் சில குறிப்பிட்ட சொற்களோடு மட்டுமே சேரும் என்பதுதான் காரணம். அகராதியில் பொருளைப் பார்ப்பதோடு நிறுத்தினால் இது பிடிபடாது. மொழி கற்போருக்கான அகராதியை எடுத்து, பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள்.

சோர்லியை எடுத்துக்கொள்வோம். மிஸ்ட், நீடட், டெம்ப்டட், டெஸ்டட், டிஸப்பாயிண்டட், லேக்கிங். இவற்றோடு அது இயல்பாகச் சேரும். கவனித்தால் ஒரு வடிவம் தெரிகிறது: இழப்போ தேவையோ ஆசையோ ஒருவரை அழுத்துகிற இடங்கள் இவை. 'சோர்லி புவர்' என்று சொல்ல மாட்டார்கள், 'சோர்லி ஸ்மால்' என்றும் சொல்ல மாட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் வலியைக் குறித்த 'சார்' என்ற சொல்தான் இதன் வேர். அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் மொழியின் 'ஸேர்' இன்று வலியெல்லாம் வடிந்து வெறும் 'மிகவும்' ஆகிவிட்டது. ஆங்கிலச் சொல் பாதி வழியில் நின்றுகொண்டிருக்கிறது. அளவுதான் சொல்கிறது, ஆனால் வலிக்கிற இடத்தில் மட்டும் சொல்கிறது.

தோல்விக்கு மிசரபிளி, டிஸ்மலி இரண்டும் பொருந்தும்: 'ஃபெய்ல்ட் மிசரபிளி', 'ஃபெய்ல்ட் டிஸ்மலி'. டிஸ்மலுக்குள் இருப்பது லத்தீனில் 'கெட்ட நாள்கள்' என்று பொருள்படும் தொடர். இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு நாள்கள் ஆகாத நாள்கள் என்று குறிக்கப்பட்டிருந்தன. நம் பஞ்சாங்கத்தின் கரிநாள்தான், வேறொன்றுமில்லை. நாளைக் குறித்த பெயர் பிறகு மந்தாரமான எதற்கும் பொதுவாகிவிட்டது. மழைநாளும் டிஸ்மல், தேர்வு முடிவும் டிஸ்மல்.

பெயின்ஃபுலி, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வலிக்கிற இடத்தில் வரும்: ஸ்லோ, ஷை, தின், ஆப்வியஸ். மெதுவாக நகர்கிற வரிசையில் நிற்கும் உங்களுக்குத்தான் வலி, வரிசைக்கு இல்லை. டெஸ்பரேட்லி அவசரமும் தவிப்பும் கலந்தது: 'டெஸ்பரேட்லி இல்', 'டெஸ்பரேட்லி ஷார்ட் ஆஃப் வாட்டர்'. நேற்றே செய்திருக்க வேண்டும் என்ற பதற்றம் இல்லாத இடத்தில் அதைப் போடக்கூடாது. நூலகத்துக்கு நாற்காலி குறைவு என்பதற்கு டெஸ்பரேட்லி வேண்டாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றால் வேண்டும்.

வழக்கறிஞர்கள் எழுதும் மனுக்களில் 'கிராஸ்லி இனாடிக்வேட்' என்பதை அடிக்கடி பார்க்கலாம், குறிப்பாக இழப்பீட்டுத் தொகை பற்றிப் பேசும்போது. கிராஸ்லியில் துயரம் ஒரு துளியும் இல்லை. கண்ணை உறுத்தும் அளவுக்குக் குறைவு என்ற குற்றச்சாட்டு மட்டுமே இருக்கிறது. இரக்கத்தைக் கேட்காமல் நியாயத்தைக் கேட்கிற கடிதமாக இருந்தால் இதுதான் பொருத்தமான சொல்.

## அறிகுறி: ஏழைகளுக்காகப் பேசினேன், இழிவுபடுத்தியதாகச் சொல்கிறார்கள்

பத்தெட்டிக் என்ற சொல்லின் வேலை இது. நம் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் 'எங்கள் தெருச் சாலையின் பத்தெட்டிக் கண்டிஷன்' என்று நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பிட்டியபிள் கண்டிஷன் என்பதும் உண்டு. இரக்கத்தைத் தூண்டுவது என்ற பழைய பொருளில் அது தவறில்லை. ஆனால் இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பத்தெட்டிக் என்று ஒருவரைச் சொன்னால் 'கேவலம்' என்று சொல்வதற்குச் சமம். 'தீஸ் ஃபேமிலீஸ் ஆர் பத்தெட்டிக்கலி புவர்' என்று நன்கொடை விண்ணப்பத்தில் எழுதினால், யாருக்காகக் கேட்கிறீர்களோ அவர்களையே ஏளனம் செய்ததாக முடியும்.

பிட்டிஃபுலி அந்த அளவுக்குக் கெட்டுவிடவில்லை. இருந்தாலும் மனிதர்களை விட்டுவிட்டு எண்ணிக்கையோடும் பொருளோடும் மட்டும் சேர்ப்பது நல்லது. கூலி பிட்டிஃபுலி லோ என்று எழுதலாம், கூலிக்காரரைப் பிட்டிஃபுலி என்று எதுவும் எழுதாதீர்கள். டெஸ்பரேட்லி புவர் என்பதில் ஏளனம் இல்லை, அதைப் பயன்படுத்தலாம். டிப்ளோரபிளி, லேமென்டபிளி இரண்டும் வேறு திசையில் ஆபத்தானவை. அவற்றில் யாரோ ஒருவர் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார் என்ற கண்டனம் ஒளிந்திருக்கிறது. கண்டிக்கும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

## அறிகுறி: 'பேட்லி' போட்டதும் வாக்கியம் இரண்டாகப் பிளக்கிறது

'தி ஸ்கூல் பேட்லி நீட்ஸ் ரிப்பேர்' என்றால் பழுதுபார்ப்பு அவசரமாகத் தேவை. 'இட் வாஸ் பேட்லி ரிப்பேர்ட்' என்றால் பழுதுபார்த்தவர் சொதப்பிவிட்டார். தேவை, ஆசை, காயம் ஆகியவற்றோடு வந்தால் இச்சொல் அளவு. வேலையோடு வந்தால் தரம். 'தே வான்டட் டு ப்ளே பேட்லி' என்பதில் எது என்று யாருக்கும் தெரியாது. விளையாடத் துடித்தார்களா, மோசமாக விளையாட விரும்பினார்களா? 'பேட்லி வான்டட்' என்று ஆசைக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தால் தெளிந்துவிடும்.

'ஐ ஃபீல் பேட்லி' என்பதும் இங்கேதான் வருகிறது. உணர்தல், தோன்றுதல், இருத்தல் போன்ற வினைகளுக்குப் பின்னால் ஆங்கிலம் பெயரடையைத்தான் கேட்கும்: ஃபீல் பேட், லுக் சேட். பேட்லி என்று சொல்பவர்கள் அமெரிக்காவில் நிறையவே இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை வேண்டாம். உங்கள் கடிதத்தில் பேட் போதும். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், சிறையில் இருக்கும் பார்வோனின் அதிகாரிகளிடம் யோசேப்பு 'ஏன் முகம் வாடியிருக்கிறீர்கள்' என்று கேட்கும் இடத்தில் 'லுக் சேட்லி' என்றே இருக்கிறது. அது அந்தக் காலத்து ஆங்கிலம். இன்று 'லுக்ட் சேட்லி' என்றால் யாரையோ அல்லது எதையோ சோகமாகப் பார்த்தார்கள் என்றுதான் பொருள்.

## அறிகுறி: காயத்தைப் பற்றி எழுதினேன், சட்டச் சிக்கல் வந்தது

கிரீவஸ்லி என்ற சொல்லை இந்தியாவில் சும்மா எடுத்தாளக் கூடாது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 320-ஆம் பிரிவில் 'கிரீவஸ் ஹர்ட்', அதாவது கொடுங்காயம், எவை எவை என்று வரையறுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 116-ஆம் பிரிவு. கண் பார்வை போவது, எலும்பு முறிவது, முகம் நிரந்தரமாக விகாரமாவது போன்றவை பட்டியலில் உண்டு. கடும் வலியில் துடிக்கும் அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடக்கும் காலம் பழைய சட்டத்தில் 20 நாள்கள், புதியதில் 15 நாள்கள். ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதும்போது, முழங்கால் சிராய்ப்புக்கு 'கிரீவஸ்லி இஞ்சர்ட்' என்று போட்டால் அது உணர்ச்சி வேகமாக எடுத்துக்கொள்ளப்படாது, குற்றத்தின் வகையாகப் படிக்கப்படலாம். மருத்துவச் சான்றில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் 'பேட்லி ஹர்ட்' போதும்.

## அறிகுறி: நக்கல் செய்கிறீர்களா என்று பதில் வருகிறது

சொல்லின் எடைக்கும் நடந்ததன் எடைக்கும் பொருத்தமில்லை. 'டிராஜிக்கலி, தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்' என்று எழுதினால் அது கேலியாக மட்டுமே படிக்கப்படும். டிராஜிக்கலியை உயிரிழப்புக்கும் பேரிழப்புக்கும் ஒதுக்கிவையுங்கள். கூட்டம் தள்ளிப்போவதற்கு அன்ஃபார்ச்சுனேட்லியே அதிகம்.

வினையடைகளை அடுக்குவதும் இதே விளைவைத் தரும். வெரி வோஃபுலி, வெரி டெரிபிளி என்று எழுதுவார்கள். இவை ஏற்கெனவே உச்சத்தில் நிற்பவை, மேலே ஏற இடமில்லை. 'சோ வோஃபுலி இனாடிக்வேட்' என்று சோ சேர்ப்பதுண்டு, வெரி சேர்ப்பதில்லை.

## அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் யாரும் அசையவில்லை

'வோஃபுலி இனாடிக்வேட்' என்ற தொடரில் இலக்கணப் பிழை கிடையாது, சேர்க்கைப் பிழையும் கிடையாது. எனக்கு அதைக் கண்டாலே அலுப்பு. அறிக்கைகளில் இந்த இரண்டு சொற்களும் இணைபிரியாமல் திரிந்து திரிந்து இப்போது காதில் விழுவதே இல்லை. கழிப்பறை வசதி வோஃபுலி இனாடிக்வேட் என்று எழுதினால் அதிகாரி அடுத்த வரிக்குப் போய்விடுவார். 600 மாணவர்களுக்கு 4 கழிப்பறைகள், அவற்றில் 1 பூட்டியிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். வினையடை சொல்ல வந்ததை எண்ணே சொல்லிவிடும், வருத்தத்தைப் படிப்பவரே பட்டுக்கொள்வார்.

எண் கிடைக்காத இடங்களும் உண்டு. ஒரு மருத்துவர் எவ்வளவு சோர்ந்திருக்கிறார், ஒரு ஆசிரியரை மாணவர்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் கிடையாது. அங்கே 'சோர்லி மிஸ்ட்' வரட்டும். பழகிய தொடர்தான், ஆனால் துக்க வீட்டில் புதுமை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எழுத்துக்கூட்டல் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெக்ரெட்டபிளியில் 'ரெக்ரெட்' என்பதன் கடைசி எழுத்து இரட்டிக்கும், ரெக்ரெட்ஃபுலியில் இரட்டிக்காது. கிரீவஸ்லியைக் 'கிரீவியஸ்லி' என்று உச்சரிப்பவர்கள் அப்படியே எழுதியும்விடுகிறார்கள், நடுவில் அந்த 'இ' கிடையாது. மெலன்கலி என்பது லி-யில் முடிந்தாலும் வினையடை இல்லை. 'ஹி செட் மெலன்கலி' என்று எழுத முடியாது.

## அறிகுறி: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால் தமிழ் தள்ளாடுகிறது

கணினி மொழிபெயர்ப்பைத் திருத்துகிறவர்களுக்கு இந்தப் பகுதி. 'துன்பகரமாகப் போதாது', 'சோகமாகத் தவறாக எண்ணுகிறீர்கள்', 'வேதனையுடன் மெதுவாக' என்றெல்லாம் திரையில் வந்து நிற்கும். மறுபடியும் அதே கேள்விதான்: வருத்தம் யாருடையது? இந்த மூன்றிலும் யாருடையதும் அல்ல. எல்லாம் அளவுகோல்கள். ஆகவே வருத்தத்தை மொழிபெயர்க்கக் கூடாது, அளவை மட்டும் தமிழில் சொல்ல வேண்டும்.

வோஃபுலி இனாடிக்வேட்டுக்குப் 'போதவே போதாது'. பேச்சுத் தொனி வரலாம் என்றால் 'யானைப் பசிக்குச் சோளப்பொரி'. ஃபெய்ல்ட் மிசரபிளி 'படுதோல்வி' ஆகட்டும். பெயின்ஃபுலி ஸ்லோவுக்கு 'ஆமை வேகம்' இருக்கவே இருக்கிறது. சோர்லி மிஸ்டுக்கு 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற மேடைத் தொடர் உடனே நாக்கில் வந்து நிற்கும். மேடையில் அது சரி. ஓய்வுபெற்றுப் போகும் தலைமை எழுத்தருக்கான வாழ்த்து மடலில் அதைப் போட்டால் அவர் பதறிப்போவார். 'நீங்கள் இல்லாத குறை எங்களுக்குத் தெரியும்' என்றால் போதும். 'யூ ஆர் சேட்லி மிஸ்டேக்கன்' என்பதற்கு மட்டும் ஒற்றைச் சொல் தேடாதீர்கள். அதில் சோகம் இல்லாததோடு ஒரு மிரட்டலும் இருக்கிறது. 'அப்படி நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்' என்று வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுங்கள்.